சாட்சியைக் கலைப்பதும் ஜூரியை வளைப்பதும்: அமெரிக்கச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

1962 அக்டோபரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஜிம்மி ஹோஃபா மீதான வழக்கு விசாரணைக்கு வந்தது. ஹோஃபா சாதாரண ஆள் இல்லை. லாரி ஓட்டுநர்களின் 'டீம்ஸ்டர்ஸ்' சங்கத்துக்குத் தலைவர். அவர் கையசைத்தால் நாடு முழுக்க லாரிகள் நிற்கும் என்கிற அளவுக்குச் செல்வாக்கு. ஒரு லாரி நிறுவனத்திடமிருந்து, மனைவியின் பெயரில் இருந்த கம்பெனி வழியாகப் பணம் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. தொழிலாளர் சட்டப்படி அது சிறு குற்றம்தான். நிரூபணமாகியிருந்தாலும் அதிகபட்சம் ஓராண்டு சிறை. அந்தக் குற்றமும் நிரூபணமாகவில்லை. தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த குழுவான ஜூரிக்குள் ஒருமித்த கருத்து வராமல் டிசம்பர் கடைசியில் விசாரணை முடிவில்லாமலே முடிந்தது.

ஆனால் விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே வேறொரு வேலையும் நடந்தது. ஜூரிக்குத் தேர்வாகும் நிலையில் இருந்த ஓர் இன்சூரன்ஸ்காரரிடம் 10,000 டாலர் பேரம் பேசினார்கள். அவர் நேரே நீதிபதியிடம் போய்ச் சொல்லிவிட்டார். இன்னொரு ஜூரி உறுப்பினரின் கணவர் நெடுஞ்சாலை ரோந்துக் காவலர். பதவி உயர்வுக்கு ஏற்பாடு செய்கிறோம் என்று அவரிடம் தூது போனது. ஹோஃபாவுக்கு நெருக்கமாகவே இருந்த எட்வர்ட் பார்ட்டின் என்ற சங்க நிர்வாகி, ஹோட்டல் அறையில் காதில் விழுந்ததையெல்லாம் அரசுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூரியை வளைக்க முயன்றதற்காக 1964 மார்ச்சில் சாட்டனூகா நகர நீதிமன்றத்தில் ஹோஃபாவுக்கு எட்டு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. 1966இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்ய, அடுத்த ஆண்டு சிறைக்குப் போனார்.

ஓராண்டிலிருந்து தப்பிக்கப் போய் எட்டு ஆண்டில் மாட்டிக்கொண்டார். இந்தச் சட்டங்களைப் பற்றி முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

எதைத்தான் தடுக்கிறது இந்தச் சட்டம்?

"வெளியே விட்டால் சாட்சிகளைக் கலைத்துவிடுவார், ஜாமீன் தரக்கூடாது" என்று அரசு வக்கீல் வாதிட்டதாக நம் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். அமெரிக்கச் சட்டத்தின் கவலையும் அதுதான். நீதிமன்றம் ஒரு முடிவுக்கு வர மூன்று விஷயங்கள் வேண்டும்: பேசுவதற்குச் சாட்சி, காட்டுவதற்கு ஆவணம், கேட்டு முடிவெடுக்க நீதிபதியோ ஜூரியோ. இவற்றில் எதை யார் கெடுக்கப் பார்த்தாலும் அது தனிக் குற்றம். 'நீதிக்கு இடையூறு செய்தல்' என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அந்தப் பெயரில் ஒரே ஒரு பிரிவு கிடையாது. மத்திய அரசின் சட்டத் தொகுப்பில் 18ஆம் தலைப்பில், 1501இல் தொடங்கி 1521 வரை ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. மாநிலங்களுக்குத் தனித்தனியாக வேறு சட்டங்கள் உண்டு. இங்கே மத்திய சட்டத்தை மட்டும் பார்ப்போம், அதிலும் முக்கியமானவற்றை மட்டும்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஒன்று, முயற்சியே குற்றம். நீங்கள் மிரட்டிய சாட்சி மிரளாமல் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் நீட்டிய பணத்தை ஜூரி உறுப்பினர் வாங்காமல் இருந்திருக்கலாம். அதனால் உங்கள் குற்றம் கரைந்துவிடாது. ஹோஃபா வழக்கிலேயே அந்த இன்சூரன்ஸ்காரர் ஒரு காசு வாங்கவில்லை.

இரண்டாவது, நோக்கம். இதுதான் முழுச் சட்டத்தின் அச்சாணி, தலைவலியும் இதுதான். கொலை, திருட்டு போன்றவற்றில் செயலைப் பார்த்தாலே தப்பு என்று தெரிந்துவிடும். இங்கே செயல் பல சமயம் சாதாரணமாக இருக்கும். பழைய காகிதங்களைக் கிழிப்பது, ஒருவருக்குப் போன் செய்வது, தெரிந்த காவலரின் பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்வது, இதெல்லாம் தினமும் நடப்பவை. வழக்கைக் கெடுக்க வேண்டும் என்ற கெட்ட எண்ணத்தோடு செய்யும்போதுதான் குற்றமாகிறது. சரி, கெட்ட எண்ணம் என்பதை எப்படி அளப்பது? அமெரிக்க நீதிமன்றங்கள் இன்று வரை இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒரு நீதிபதியின் கோபத்தில் பிறந்த சட்டம்

இந்தச் சட்டத்தின் பிறப்புக் கதை வேடிக்கையானது. முதலில் நீதிமன்ற அவமதிப்பு மட்டும்தான் இருந்தது. 1789ஆம் ஆண்டுச் சட்டம், அவமதிப்புக்குத் தண்டிக்கும் அதிகாரத்தை நீதிபதிகள் கையில் கொடுத்துவிட்டது. எது அவமதிப்பு என்று எல்லை போடவில்லை.

மிசூரியில் ஜேம்ஸ் பெக் என்று ஒரு மத்திய நீதிபதி. நில வழக்கு ஒன்றில் அவர் கொடுத்த தீர்ப்பை விமர்சித்து, தோற்ற தரப்பின் வக்கீல் லூக் லாலெஸ் பத்திரிகையில் எழுதினார். பெக்குக்கு வந்த கோபத்தில் அந்த வக்கீலை 24 மணி நேரம் சிறையில் போட்டார், 18 மாதம் தன் நீதிமன்றத்தில் தொழில் செய்யவும் தடை போட்டார். லாலெஸ் சும்மா விடவில்லை. விஷயம் நாடாளுமன்றம் வரை போய், நீதிபதி மீதே பதவி நீக்க விசாரணை நடந்தது. 1831 ஜனவரியில் செனட்டில் 22க்கு 21 என்ற கணக்கில் பெக் தப்பினார். ஆனால் அவர் செய்தது சரியில்லை என்று எல்லாருக்கும் பட்டிருந்தது. சில வாரங்களிலேயே, அதாவது அதே ஆண்டு மார்ச் 2 அன்று, புதுச் சட்டம் வந்துவிட்டது. நீதிமன்றத்துக்குள்ளேயோ அதன் அருகிலேயோ நடக்கும் ஒழுங்கீனத்தை நீதிபதி அங்கேயே தண்டிக்கலாம். வெளியே நடந்து சாட்சியையோ ஜூரியையோ கெடுக்கும் செயல் என்றால், அது சாதாரணக் குற்றம் போலக் குற்றச்சாட்டு, விசாரணை, ஜூரி என்று முறைப்படி போக வேண்டும். இன்றைய 1503ஆம் பிரிவின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அதாவது, குடிமக்களை அடக்க வந்த சட்டமாக இது தொடங்கவில்லை. நீதிபதியின் கையைக் கட்ட வந்தது. பின்னால் இதே சட்டம் எவ்வளவு அகலமாக விரிந்தது என்று பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜூரி

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு ஜூரி என்பது சினிமாவிலும் பழைய கதைகளிலும் மட்டும்தான். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிக்கிய லட்சுமிகாந்தன் கொலை வழக்கு சென்னையில் ஜூரி முன்னால்தான் நடந்தது. அப்புறம் அந்த முறையே இந்தியாவில் ஒழிந்தது. ஆனால் அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிய தமிழர்கள் வீட்டுக்கு ஜூரி அழைப்பு வந்து விழுவது சகஜம். ஆகவே கீழே வருவது அவர்களில் பலருக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

1503ஆம் பிரிவு ஜூரி உறுப்பினரை மிரட்டுவதையும் கெட்ட எண்ணத்தோடு வளைக்க முயல்வதையும் தண்டிக்கிறது. பொதுவாக 10 ஆண்டு வரை. பெரிய குற்ற வழக்கில் உட்கார்ந்திருக்கும் ஜூரி உறுப்பினர் என்றால் 20 ஆண்டு வரை. பணம் கைமாறினால் 201ஆம் பிரிவின் லஞ்சக் குற்றமும் சேர்ந்துகொள்ளும், அதில் 15 ஆண்டு வரை. லஞ்சம் வாங்கியவருக்கும் அதேதான்.

வாங்கியவர் கதை ஒன்று நியூயார்க்கில் நடந்தது. மாஃபியா தலைவர் ஜான் காட்டி 1987இல் புரூக்ளின் மத்திய நீதிமன்றத்தில் விடுதலையானபோது நாடே வியந்தது. எந்த வழக்கும் அவர் மீது ஒட்டாது என்று பத்திரிகைகள் பட்டப்பெயரே வைத்துவிட்டன. பிறகுதான் தெரிந்தது, ஜூரியில் ஒருவர் 60,000 டாலருக்கு விலை போயிருந்தார் என்று. தீர்ப்புக்கு ஒருமித்த கருத்து வேண்டும் என்ற முறையில், ஒருவரை வாங்கினால் தண்டனையைத் தடுத்துவிடலாம். 1992இல் காட்டியை மறுபடி வேறு வழக்கில் நிறுத்தியபோது ஜூரி உறுப்பினர்களின் பெயரோ முகவரியோ வெளியே வரவில்லை. விசாரணை முடியும் வரை அவர்களைத் தனியாகத் தங்கவைத்தார்கள். இந்த முறை காட்டி தப்பவில்லை, ஆயுள் தண்டனை. விலை போன அந்தப் பழைய ஜூரி உறுப்பினரும் அதே ஆண்டு தண்டிக்கப்பட்டார்.

பெயர் தெரியாத ஜூரி என்பது 1977இல், நியூயார்க்கின் போதைப்பொருள் கும்பல் தலைவர் நிக்கி பார்ன்ஸ் வழக்கில் தொடங்கிய பழக்கம். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பெயரை மறைக்கிறார்கள் என்றாலே எதிரே நிற்கும் ஆள் ஆபத்தானவர் என்று ஜூரிக்கே தோன்றிவிடும். அதனால் வலுவான காரணம் இல்லாமல் நீதிபதிகள் இதைச் செய்வதில்லை.

லஞ்சமோ மிரட்டலோ இல்லாமல், ஜூரி உறுப்பினருக்கு வழக்கு பற்றி ஒரு கடிதம் எழுதினால்? அதற்கும் 1504 என்று தனிப் பிரிவு இருக்கிறது, ஆறு மாதம் வரை சிறை. இதை வைத்து மன்ஹாட்டனில் ஒரு விசித்திரமான வழக்கு நடந்தது. ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர் நீதிமன்ற வாசலில் நின்று துண்டறிக்கை கொடுப்பார். சட்டம் தவறாக இருக்கிறது என்று மனசாட்சிக்குப் பட்டால் ஜூரி விடுதலை செய்யலாம் என்பது அதன் சாரம். அரசு அவர் மீது 1504இல் வழக்குப் போட்டது. 2012இல் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். குறிப்பிட்ட ஒரு வழக்கில் ஜூரியின் முடிவை மாற்ற எழுதினால்தான் குற்றம், பொதுவாகக் கருத்துச் சொல்வது குற்றமில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு இது மிகச் சரியான தீர்ப்பாகவே படுகிறது. இல்லாவிட்டால் நீதிமன்றத் தெருவில் நின்று யாரும் எதைப் பற்றியும் பேச முடியாது.

ஜூரியில் இருப்பவரிடம் வெளியாள் யாராவது வழக்கைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நீதிமன்ற ஊழியரிடமோ நீதிபதியிடமோ சொல்லிவிட வேண்டும். 1954இல் ரெம்மர் என்பவரின் வரி வழக்கில், ரெம்மருக்குச் சாதகமாக முடித்தால் லாபம் உண்டு என்று ஒரு ஜூரி உறுப்பினரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த உறுப்பினர் நீதிபதியிடம் சொல்லிவிட்டார். ஆனால் நீதிபதி, ரெம்மர் தரப்புக்குத் தெரிவிக்காமல் எஃப்.பி.ஐ.யை விட்டு விசாரித்தார். சுப்ரீம் கோர்ட் இதை ஏற்கவில்லை. இப்படித் தனியாக நடந்த பேச்சு, தீர்ப்பைப் பாதித்திருக்கும் என்றே முதலில் கொள்ள வேண்டும், இரு தரப்பையும் வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்றது.

சாட்சி

ஜூரியைவிடச் சாட்சிதான் எளிய இலக்கு. ஜூரி யார் என்பது கடைசியில்தான் தெரியும். சாட்சியோ பல சமயம் குற்றம்சாட்டப்பட்டவரின் உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், பழைய கூட்டாளி. எங்கே இருக்கிறார், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்திருக்கும்.

சாட்சிகளுக்கென்று 1982இல் ஒரு சட்டம் வந்தது. அதிலிருந்து வந்ததுதான் 1512ஆம் பிரிவு. சாட்சியைக் கொன்றால் மரண தண்டனை வரை போகலாம். மிரட்டினால், ஏமாற்றினால், கெட்ட எண்ணத்தோடு மனதை மாற்றினால் 20 ஆண்டு வரை. சாட்சி சொல்லாதபடி தொந்தரவு செய்து தடுத்தால் மூன்று ஆண்டு. சாட்சி சொன்ன பிறகு பழிவாங்கினால் அது 1513இல் வரும். புகார் கொடுத்தவரை வேலையிலிருந்து தூக்குவதும் இந்தப் பழிவாங்கலில் சேரும்.

இந்தப் பிரிவில் பலர் கவனிக்காத ஒரு கூர்மை இருக்கிறது. வழக்கு இன்னும் தொடங்கியிருக்கவே வேண்டியதில்லை. "நாளைக்கு போலீஸ் வந்து கேட்டால் இப்படிச் சொல்" என்று இன்றே சொல்லிவைத்தாலும் சிக்கல்தான். நீதிமன்றம் மட்டுமல்ல, நாடாளுமன்றக் குழுவின் விசாரணையும் இதில் அடங்கும்.

ரோஜர் ஸ்டோன் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். டிரம்ப்பின் நீண்ட கால அரசியல் ஆலோசகரான அவர், நாடாளுமன்றக் குழு கூப்பிட்டிருந்த ஒரு வானொலி நிகழ்ச்சியாளரிடம், ஒரு பழைய மாஃபியா படத்தில் எல்லாம் மறந்துபோனதாக நடிக்கும் சாட்சி போல நடந்துகொள் என்று சொல்லியிருந்தார். கூடவே, சாகத் தயாராக இரு, உன் நாயைத் தூக்கிவிடுவேன் என்றெல்லாம் செய்திகள் அனுப்பியிருந்தார். 2019 நவம்பரில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. தண்டனைக்கு முன் அந்தச் சாட்சியே நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்: நான் பயப்படவில்லை, ஸ்டோன் குரைப்பார், கடிக்க மாட்டார் என்கிற பாணியில். தண்டனையைக் குறைக்க அது உதவலாமே தவிர, குற்றம் இல்லை என்றாகாது. 40 மாதச் சிறை விதிக்கப்பட்டது. பிறகு 2020இல் டிரம்ப் முதலில் தண்டனையை ரத்து செய்தார், ஆண்டுக் கடைசியில் மன்னிப்பும் கொடுத்தார்.

ஜாமீனில் இருப்பவருக்கு இது இன்னும் கத்திமுனை. டிரம்ப்பின் தேர்தல் பொறுப்பாளராக இருந்த பால் மானஃபோர்ட் 2018இல் வீட்டுக்காவலில் இருந்தபடியே பழைய கூட்டாளிகளுக்கு மறையாக்கச் செயலிகள் வழியாகச் செய்தி அனுப்பினார். சாட்சி சொல்லப்போகும் அவர்கள் கதையைத் தன் பக்கம் பொருத்திக்கொள்ள வேண்டும் என்பது எண்ணம் என்றது அரசு. அந்தச் செய்திகளைப் பெற்றவர்களே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஜூன் 15 அன்று நீதிபதி அவரை நேரே சிறைக்கு அனுப்பினார். செயலி எவ்வளவு ரகசியமானதாக இருந்தாலும் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைப் படித்தவர்கள்கூட மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் சாட்சியிடம் பேசவே கூடாதா? அப்படி இல்லை. வக்கீல் தன் சாட்சியை விசாரணைக்குத் தயார்படுத்துவது அமெரிக்காவில் அன்றாட வேலை. முறையான சட்டச் சேவைக்கு இந்தச் சட்டங்கள் பொருந்தாது என்று 1515ஆம் பிரிவே சொல்கிறது. உண்மையைச் சொல்ல ஊக்கப்படுத்துவது மட்டுமே நோக்கமாக இருந்து, செய்த காரியமும் சட்டப்படியானதாக இருந்தால் அதுவே தற்காப்பு வாதம். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை குற்றம்சாட்டப்பட்டவர் தலையில்.

கொஞ்சம் இடறலான இடம் மௌனம். தனக்கே எதிராகப் பேசாமல் இருக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாம் திருத்தம் உரிமை தருகிறது. 'உனக்கு அந்த உரிமை இருக்கிறது, பயன்படுத்து' என்று ஒருவர் தன் கூட்டாளிக்குச் சொல்கிறார். சொல்வதன் உள்நோக்கம் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது. இது குற்றமா? மிரட்டலோ பணமோ இருந்தால் சந்தேகமில்லை, குற்றம். வெறும் வற்புறுத்தல் என்றால், மேல்முறையீட்டு நீதிமன்றங்களே இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. இருக்கிற உரிமையைப் பயன்படுத்தச் சொல்வது எப்படிக் குற்றமாகும் என்று ஒரு பக்கம், சொல்கிறவரின் சுயநலமே கெட்ட எண்ணம்தான் என்று இன்னொரு பக்கம்.

சாட்சியைக் காணாமல் போகச் செய்தால் வழக்கு செத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய விதி காத்திருக்கிறது. பொதுவாக, நேரில் வராத சாட்சியின் முந்தைய வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு உரிமை உண்டே. ஆனால் அந்தச் சாட்சி வராமல் போனதற்கு அவரே காரணம் என்றால் அந்த உரிமையை இழந்துவிடுகிறார். 1879இல் ரெனால்ட்ஸ் என்பவரின் இருதார மண வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை ஏற்றது. இரண்டாவது மனைவியை அவர் நீதிமன்றத்துக்கு வரவிடாமல் மறைத்து வைத்ததால், அந்தப் பெண் முன்பு கொடுத்திருந்த சாட்சியம் அப்படியே படிக்கப்பட்டது. 1997இல் இது மத்திய சாட்சிய விதிகளிலும் எழுத்தில் ஏறியது.

மறுபக்கம், சாட்சிக்கு அரசு என்ன செய்கிறது? 1970இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ், உயிருக்கு ஆபத்துள்ள சாட்சிகளுக்குப் புதுப் பெயர், புது ஊர், புது ஆவணங்கள் கொடுத்துக் குடியமர்த்துகிறார்கள். மார்ஷல் துறை நடத்தும் இந்தத் திட்டத்தில் குடும்பத்தாரையும் சேர்த்து 19,000 பேருக்கு மேல் போயிருக்கிறார்கள். விதிகளைப் பின்பற்றிய ஒருவர்கூடக் கொல்லப்பட்டதில்லை என்பது அந்தத் துறையின் பெருமை. பெற்றோர், நண்பர்கள், பழைய வாழ்க்கை எல்லாவற்றையும் விட்டுப் போக வேண்டும் என்பது அதற்கான விலை.

பொய்யும் மறைப்பும்

நீதிமன்றத்தில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் ஐந்து ஆண்டு. அடுத்தவரைச் சொல்லவைத்தாலும் ஐந்து ஆண்டு. இது எதிர்பார்த்ததுதான். பலரைக் கவிழ்ப்பது 1001ஆம் பிரிவு. சத்தியமே தேவையில்லை. மத்திய அரசு அதிகாரி தன் வேலையாகக் கேட்கும்போது, முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் போதும், ஐந்து ஆண்டு வரை. வாய் திறக்காமல் இருப்பதற்குத் தண்டனை கிடையாது.

தொலைக்காட்சிப் புகழ் மார்த்தா ஸ்டூவர்ட் 2001 டிசம்பரில் ஒரு மருந்துக் கம்பெனியின் பங்குகளை விலை சரிவதற்குச் சற்று முன் விற்றார். தவிர்த்த நஷ்டம் சுமார் 45,000 டாலர். அவர் சொத்துக்கு அது சில்லறை. ரகசியத் தகவலை வைத்து விற்றார் என்று அவர் மீது குற்ற வழக்கே போடவில்லை. ஏன் விற்றேன் என்பதற்கு விசாரணை அதிகாரிகளிடம் சொன்ன கதைக்காகத்தான் 2004இல் தண்டனை, ஐந்து மாதச் சிறை. அதிபர் நிக்சனுக்கும் இதே கதிதான். வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆள் புகுந்ததற்காக அவர் பதவி போகவில்லை. எஃப்.பி.ஐ. விசாரணையை நிறுத்த சி.ஐ.ஏ.வைப் பயன்படுத்தலாம் என்று 1972 ஜூன் 23 அன்று அவர் ஒப்புக்கொண்ட ஒலிநாடா 1974 ஆகஸ்ட் 5 அன்று வெளியானது. நான்கே நாளில் வெள்ளை மாளிகையைக் காலி செய்தார்.

ஆனால் எல்லாப் பொய்யும் நீதிக்கு இடையூறு ஆகிவிடாது. ராபர்ட் அகிலார் என்ற மத்திய நீதிபதி, ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளிடம் பொய் சொன்னார். 1503இல் தண்டித்தார்கள். 1995இல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தண்டனையை ஏற்கவில்லை. அந்தப் பொய் போய்ச் சேரும் நீதிமன்ற நடவடிக்கை எது, அதைக் கெடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்ற தொடர்பு வேண்டும் என்றது.

காகிதம், மீன், நாடாளுமன்றம்

கெட்ட எண்ணத்தை அளப்பது எவ்வளவு கடினம் என்பது ஆவண அழிப்பில்தான் நன்றாகத் தெரியும். 2001இல் என்ரான் நிறுவனம் சரிந்தபோது அதன் கணக்குத் தணிக்கையாளர் ஆர்தர் ஆண்டர்சன். அரசு விசாரணை வரப்போகிறது என்று வாடை அடித்ததும், 'நம் ஆவணப் பராமரிப்புக் கொள்கையைப் பின்பற்றுங்கள்' என்று உள்ளே நினைவூட்டல் போனது. கொள்கைப்படி என்று சொல்லிக் காகிதங்களைக் கிழித்துத் தள்ளினார்கள். நவம்பர் 8 அன்று பங்குச் சந்தை ஆணையத்தின் சம்மன் வந்த பிறகுதான் இயந்திரம் நின்றது.

அன்றைய சட்டத்தில் ஓர் ஓட்டை. விசாரணை தொடங்கும் முன் தானே அழித்தவரைவிட, அடுத்தவரை அழிக்கச் சொன்னவரைப் பிடிப்பதுதான் எளிது. அதனால் ஊழியர்களைக் கெட்ட எண்ணத்தோடு தூண்டியதாக 1512இல் வழக்குப் போட்டார்கள். 2002 ஜூனில் நிறுவனம் தண்டிக்கப்பட்டது, தணிக்கை உரிமத்தைக் கைவிட்டது, அமெரிக்காவில் மட்டும் 28,000 பேர் வேலை செய்த நிறுவனம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போனது. 2005இல் சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தண்டனையை ரத்து செய்தார்கள். தான் செய்வது தவறு என்ற உணர்வு இருந்ததா என்பதையே ஜூரியிடம் சரியாகக் கேட்கவில்லை என்பது காரணம். நியாயம் கிடைத்தது, ஆனால் வாங்கிக்கொள்ள நிறுவனம் இல்லை.

அதற்குள் நாடாளுமன்றம் ஓட்டையை அடைத்திருந்தது. 2002 ஜூலையில் வந்த சர்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் 1519ஆம் பிரிவைக் கொண்டுவந்தது: விசாரணையைக் கெடுக்கும் நோக்கத்தோடு ஆவணத்தையோ பொருளையோ அழித்தால் 20 ஆண்டு வரை. கம்பெனிகளுக்காக எழுதிய இந்தப் பிரிவு, மெக்சிகோ வளைகுடாவில் மீன் பிடித்த ஒரு படகோட்டி மேல் பாய்ந்தது. 2007இல் அவர் படகைச் சோதித்த அதிகாரி, அனுமதித்த 20 அங்குலத்துக்கும் குறைவாக 72 களவா மீன்கள் இருப்பதைக் கண்டு, அப்படியே கரைக்குக் கொண்டுவரச் சொன்னார். படகோட்டி அவற்றைக் கடலில் போட்டுவிட்டு வேறு மீன்களை வைத்தார் என்பது வழக்கு. தண்டனை 30 நாள். 2015இல் யேட்ஸ் வழக்கு என்று பெயர் பெற்ற இதில், 5க்கு 4 என்ற கணக்கில் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் நின்றது. தகவலைப் பதிந்துவைக்கும் கணினித் தட்டு போன்ற பொருளைத்தான் சட்டம் சொல்கிறது, மீனை அல்ல என்றது முதன்மைத் தீர்ப்பு. எனக்கு முடிவு பிடித்திருக்கிறது, வாதம் பிடிக்கவில்லை. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய மீன் பொருள் இல்லை என்றால் வேறு எதுதான் பொருள்? கோளாறு 20 ஆண்டு என்று அள்ளிவீசிய சட்டத்தில் இருந்தது. அதை வாக்கியத்தைச் சுருக்கிச் சரிக்கட்டினார்கள்.

அதே 2002 சட்டத்தின் இன்னொரு வாக்கியம் இன்னும் பெரிய இடத்துக்குப் போனது. 1512இல் ஆவணங்களை அழிப்பதைத் தடுக்கும் வரிக்கு அடுத்து, 'வேறு வகையில்' அதிகாரபூர்வ நடவடிக்கையைத் தடுப்பவர்களுக்கும் 20 ஆண்டு என்று இருக்கிறது. 2021 ஜனவரி 6 அன்று தேர்தல் முடிவுக்குச் சான்றளிக்கும் கூட்டத்தைக் குலைத்து நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் மீது அரசு இதைப் போட்டது. 2024 ஜூன் 28 அன்று, அவர்களில் ஒருவரான ஃபிஷரின் வழக்கில், 6க்கு 3 என்ற கணக்கில் சுப்ரீம் கோர்ட் அதைக் குறுக்கியது. வாக்கியத்தின் முன்பகுதி ஆவணங்களைப் பற்றிப் பேசுவதால் பின்பகுதியும் அந்த எல்லைக்குள்தான் நிற்க வேண்டும் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். ஜனநாயகக் கட்சி அதிபர் நியமித்த ஜாக்சன் அவரோடு சேர்ந்தார். டிரம்ப் நியமித்த பாரெட் எதிர்த்து எழுதினார். கட்சிக் கண்ணாடி போட்டுப் பார்த்தவர்களுக்குக் குழப்பம்தான்.

அந்தக் கலவரக்காரர்களில் சுமார் 1,500 பேருக்கு 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் மன்னிப்பு வழங்கிவிட்டதால் அவர்களைப் பொறுத்தவரை கேள்வி முடிந்துவிட்டது. ஃபிஷர் தீர்ப்பு சட்டமாக நிற்கிறது. இனி அந்த வாக்கியத்தின் கீழ் வழக்குப் போடும் அரசு வக்கீல், நடவடிக்கையில் பயன்படும் ஓர் ஆவணமோ சாட்சியமோ பொருளோ கெடுக்கப்பட்டது, அல்லது கெடுக்க முயற்சி நடந்தது என்று காட்டியாக வேண்டும்.